அத்தானின் அடுத்த மாதம்

என் அத்தான் இந்த நாட்டில் தன் வீட்டுச் சுவரில் ஒரு ஆணிகூட அடித்ததில்லை. இத்தனைக்கும் அவருக்குத் தொழில் பெயின்டிங். எண்ணூர்ப் பக்கத்துக் கம்பெனிகளின் மதில்களும் டாங்குகளும் அவர் கைபட்டுத்தான் பளபளக்கின்றன. வாடகை வீட்டில் மட்டும் காலண்டர் அரிசி டின்மேல் சாய்ந்து நிற்கும். முகம் பார்க்கும் கண்ணாடி ஜன்னல் கம்பியில் சணல் கயிற்றால் கட்டித் தொங்கும். தலை சீவும்போது அது சுற்றிக்கொண்டே இருக்கும், நாமும் அதன் பின்னால் சுற்ற வேண்டும். கேட்டால், "ஆணி என்னத்துக்கு? அடுத்த மாசம் போற ஆக்கள்தானே நாங்கள்" என்பார்.

நாங்கள் இலங்கையிலிருந்து படகில் வந்தவர்கள். நான் அப்போது கைக்குழந்தை. அக்காவுக்கும் அத்தானுக்கும் முகாமில்தான் கல்யாணம் நடந்தது, அவர்களுடைய ஒரே மகள் முகாமில்தான் பிறந்தாள். பிறகு போலீஸ் ஸ்டேஷனில் பதிந்துகொண்டு வெளியே வந்து, சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டுக்குப் பின்னால் உள்ள தெருவில் குடியேறினோம். எங்களைப் போலவே வந்த குடும்பங்கள் அந்தப் பக்கம் நிறைய இருக்கின்றன. நான் மார்க்கெட்டில் ஒரு கடையில் பில் போடுகிறேன். படித்தது பி.எஸ்சி. கணிதம். அகதி என்றதும் கம்பெனிக்காரர்கள் முகம் எப்படி மாறும் என்பதை நான் சொல்லி யாருக்கும் தெரிய வேண்டியதில்லை.

அத்தானின் அண்ணன் கனடாவில் இருக்கிறார். அவர் அங்குள்ள ஒரு தேவாலயத்தாரைப் பிடித்து, தம்பி குடும்பத்தை அழைத்துக்கொள்ள விண்ணப்பம் போட்டார். அன்றைக்கே அத்தான் மனதளவில் விமானம் ஏறிவிட்டார். உடம்பு மட்டும்தான் சாத்தாங்காட்டில் கிடந்து வாடகை கொடுத்துக்கொண்டிருந்தது.

அவர் ஒருவர் இப்படி என்றால் நான் பொறுத்துப் போயிருப்பேன். எங்கள் ஆட்களே முக்கால்வாசி இப்படித்தான். பிள்ளைகளுக்காக மாலை வகுப்பு தொடங்கியபோது எனக்கு அது நன்றாக விளங்கியது. இடம் கொடுத்தவர் என் கடை முதலாளி. தூத்துக்குடிப் பக்கத்து அண்ணாச்சி. குடோனுக்கு மேலே தகரம் போட்ட மாடி ஒன்று சும்மா கிடந்தது. "பிள்ளைகள்லாம் வந்து படிக்கட்டும்மா. ஆனா லாரி வந்தா சத்தம் வரத்தான் செய்யும், என்னையக் கொற சொல்லப்பிடாது பாத்துக்கிடுங்க" என்றார். கீழே கம்பி இறக்கினால் மேலே பாடம் எடுக்க முடியாது, காது கிழியும். அதனால் ஒரு முறை வைத்துக்கொண்டோம். லாரி வந்தால் எழுத்து, லாரி போனால் வாசிப்பு. லாரி திரும்பும் சத்தம் கேட்டதுமே பிள்ளைகள் வாயை மூடிப் பேனாவைத் திறந்துவிடுவார்கள். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும் வந்து சேர்ந்தார்கள். வகுப்பு நன்றாகத்தான் நடந்தது.

பெற்றோர் கூட்டம்தான் உருப்படவில்லை. தரையில் குனிந்து எழுதிப் பிள்ளைகளுக்கு முதுகு வலிக்கிறது, நாலு பெஞ்சு செய்து போடலாம் என்றேன். "போகேக்க பெஞ்சை ஆர் தூக்கிக்கொண்டு போறது?" என்று ஒருவர் கேட்டார். கேட்டவர் குடும்பத்துக்கு எந்த நாட்டு விண்ணப்பமும் கிடையாது. ஆனாலும் அவருக்கும் ஒரு அடுத்த மாதம் இருந்தது. கரும்பலகையைச் சுவரில் மாட்டலாமா, சாய்த்து வைக்கலாமா என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பேசினார்கள். சாய்த்து வைப்பது என்று முடிவானது. அது சரிந்து ஒரு பிள்ளையின் காலில் விழுந்த பிறகும் அதே முடிவுதான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு நானே சுவரில் ஓட்டை போட்டு மாட்டினேன். அண்ணாச்சி சுவர்தானே, அவர் ஒன்றும் கனடா போகவில்லை.

இதில் நான் மிகவும் பயந்தது அக்கா மகளைப் பற்றித்தான். அவள் எங்கள் வகுப்பில் முதல் வரிசைப் பிள்ளை. அவளைவிடச் சின்னதுகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பாள். காமர்ஸ் எடுத்துப் பிளஸ் டூவுக்கு வந்திருந்தாள். பி.காம். படிக்க வேண்டும், ஒரு ஆடிட்டர் ஆபீஸில் உட்கார வேண்டும் என்று அவளுக்கு ஆசை. எங்கள் தெருவில் அவள் வயதுப் பெண்கள் பலர் இந்தக் கட்டத்தில்தான் நின்றுபோனார்கள். எப்படியும் போகப் போகிறோம், அங்கே போய் அந்த நாட்டுப் படிப்புப் படிக்கட்டும் என்று வீட்டில் உட்கார வைத்தார்கள். அவர்கள் போகவும் இல்லை, படிக்கவும் இல்லை. இவள் மட்டும் பிளஸ் டூப் பரீட்சையை எழுதி முடித்துவிட வேண்டும் என்பது எனக்குப் பெரிய பிடிவாதம்.

அவள் பதினோராம் வகுப்பில் இருந்தபோது அத்தான் முதல் பிரியாவிடையை வைத்தார். கனடாவிலிருந்து அண்ணன் போனில், "பேப்பர் நகருது" என்று சொன்னாராம். அவ்வளவுதான். எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வீடு கிளம்புகிறது என்றால் அந்த வீட்டுச் சாமான்களை மற்றவர்கள் முன்கூட்டியே சொல்லி வைத்துக்கொள்வார்கள். கட்டில் எனக்கு, காஸ் அடுப்பு உனக்கு என்று பிரித்தாகிவிடும். அக்கா இரண்டு நாள் நின்று ரோல்ஸும் கட்லெட்டும் பொரித்தாள். தெருவே வந்து சாப்பிட்டு, அழுது, கட்டிப் பிடித்து, போகும்போது ஆளுக்கொரு சாமானைத் தூக்கிக்கொண்டு போனது. கிரைண்டர் எதிர்வீட்டு இட்லிக்கடை அக்காவுக்குப் போனது. அவர் தலைமுறை தலைமுறையாக இந்த ஊர்க்காரர்.

பேப்பர் நகர்ந்து எங்கே போனதோ தெரியாது. இவர்கள் நகரவில்லை. கட்டில் இல்லாத வீட்டில், மாமியார் வீட்டுக்கு வந்த விருந்தாளிகளைப் போல மூன்று பேரும் மாதக்கணக்கில் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். தோசை மாவு ஆட்ட அக்கா ஊறிய உளுந்தோடு எதிர்வீட்டுக்குப் போவாள், தன்னுடைய கிரைண்டரில் ஆட்டிக்கொண்டு வருவாள்.

"இன்னாமே, ஊருக்குப் பூட்டேன்னு பாத்தா இங்கயேதான் கீறே?" என்று இட்லிக்கடை அக்கா ஒரு நாள் கேட்டார். "கிரைண்டர் ஒன்னுதுதானே, எட்த்துக்கினு போயேன். டெய்லி உளுந்தத் தூக்கினு அலையறே, பாக்க பேஜாரா கீது."

அக்கா என்ன சொன்னாள் தெரியுமா? "இல்லை, இருக்கட்டும். எப்பிடியும் போகப்போறம்தானே. பிறகு திருப்பித் திருப்பித் தூக்க வேணும்."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். இட்லிக்கடை அக்கா என்னைப் பார்த்து, "இன்னா ஜனம்மே நீங்கோ" என்றார்.

இரண்டாவது முறை அத்தான் சாமான்களோடு நிற்கவில்லை. அவள் பிளஸ் டூவுக்கு வந்து அரையாண்டுப் பரீட்சை நெருங்கிய நேரம். ஒரு மாலை நான் வேலை முடிந்து மாடிக்குப் போனால், அவள் எனக்கு முன்னாலேயே வந்து சின்னப் பிள்ளைகளோடு பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூடம் விட்டு அவள் வந்து சேர இன்னும் நேரம் இருந்தது. ஏன் சீக்கிரம் வந்துவிட்டாய் என்று கேட்டேன்.

"நான் ஸ்கூலுக்கே போகல சித்தி" என்றாள். முகாமில் பிறந்தவள் ஆனாலும் அவளுக்கு வாயில் வருவது இந்த ஊர்த் தமிழ்தான். "அப்பா டி.சி. வாங்கிட்டாரு."

கீழே லாரி வந்து கம்பி இறங்கத் தொடங்கியது. நல்லவேளை. நான் அப்போது கத்தியது பிள்ளைகளுக்குக் கேட்டிருக்காது.

அத்தானைப் பிடித்தபோது அவர் கால் கழுவிக்கொண்டிருந்தார். விரலிடுக்கில் வெள்ளைப் பெயின்ட்.

"என்னத்துக்கு அத்தான் டி.சி. வாங்கினியள்?"

"அண்ணை சொன்னவர். மாற்றுச் சான்றிதழ் கையில இருந்தால் அங்க போன உடனை பள்ளிக்கூடத்தில சேர்க்கலாமாம்."

"அங்க எப்ப போறியள்?"

"அடுத்த மாசம் தெரியவரும்."

"தெரியவருமோ, போவியளோ?"

அவர் குனிந்து விரலிடுக்குப் பெயின்டைத் தேய்க்கத் தொடங்கினார். நான் பேசினேன். அத்தானிடம் அப்படிப் பேசக்கூடாது, எனக்குத் தெரியும். அப்பா இறந்த பிறகு என் படிப்புச் செலவைப் பார்த்தது அவர்தான். ஆனாலும் பேசினேன். "உங்கட பயணத்துக்கு நீங்கள் கட்டிலைக் குடுங்கோ, அடுப்பைக் குடுங்கோ, வேணுமெண்டால் அக்காவையும் குடுங்கோ. அவளின்ரை பிளஸ் டூச் சோதனையைக் குடுக்க உங்களுக்கு ஆர் உரிமை தந்தது?" என்றேன். உள்ளே அக்கா பாத்திரத்தை டமாரென்று வைத்தாள். அது யார்மேல் வந்த கோபம் என்று இன்றுவரை கேட்கவில்லை.

மறுநாள் அவரை இழுக்காத குறையாகப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனேன். தலைமையாசிரியை எங்களை நிற்க வைத்தே பேசினார். "என்ன சார் விளையாட்டு இது? பப்ளிக் எக்ஸாமுக்குப் பேர் இன்னும் அனுப்பலை. அதனால தப்பிச்சீங்க. ஒரு வாரம் கழிச்சு வந்திருந்தா நானே நினைச்சாலும் ஒன்னும் பண்ண முடியாது." அத்தான் கைகட்டி நின்றார். அம்மையார் டி.சி.யை வாங்கி எங்கள் முன்னாலேயே கிழித்துப் போட்டார். எனக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது. வெளியே வந்ததும் அத்தான், "நல்ல மனுசி" என்றார். சண்டை போடக்கூடத் தெம்பில்லாமல் நான் ஆட்டோவைக் கைகாட்டினேன்.

பரீட்சை தொடங்கியது. தமிழ் முடிந்தது, ஆங்கிலம் முடிந்தது. நான் மூச்சு விடத் தொடங்கிய நேரம் பார்த்துக் கனடாவிலிருந்து அழைப்பு வந்தது. இந்த முறை அண்ணனின் ஊகம் அல்ல. நேர்காணல். அந்த நாட்டு அதிகாரி சென்னைக்கு வருகிறார், குடும்பத்தில் எல்லோரும் நேரில் வர வேண்டும், காலை பத்து மணி. என்றைக்கு என்று பார்த்தால், அக்கவுன்டன்சி பரீட்சை அன்றைக்கு. பரீட்சையும் பத்து மணிக்குத்தான்.

இத்தனை வருடம் கூப்பிடாதவர்களுக்கு வேறு நாளே கிடைக்கவில்லையா? நான் அவர்களுடைய விசா அலுவலகத்துக்குப் போன் போட்டேன். பாட்டு வந்தது. திரும்பப் போட்டேன். திரும்பவும் பாட்டு. மின்னஞ்சல் எழுதினேன். நாள் மாற்ற வழியில்லை, அதிகாரி அடுத்த முறை வரும்போது பார்க்கலாம் என்று மரியாதையாகப் பதில் வந்தது. அடுத்த முறை எப்போது என்பதை அவர்களும் எழுதவில்லை. அதைப் படித்ததும், இந்த வியாதி அத்தானுக்கு மட்டும் இல்லை போல என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மாடியில் கூட்டம் கூடியது. யாரும் கூப்பிடவில்லை, அவர்களாகவே வந்தார்கள். பெஞ்சுக்கு முன்வராதவர்கள் எல்லாம் இதற்கு வந்தார்கள். துணைத் தேர்வில் எழுதிக்கொள்ளலாமே என்று ஒருவர் சொன்னார். அதற்குள் கல்லூரிச் சேர்க்கை முடிந்துவிடும் என்றேன். நேர்காணலுக்குப் போகாத ஆட்களை மறுபடி கூப்பிட்டதாகக் கேள்விப்படவில்லையே என்று இன்னொருவர் சொன்னார். மூன்றாமவர் பிரார்த்தனை செய்யச் சொன்னார். அத்தான் கரும்பலகையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நான் அவளைப் படிக்கட்டுக்குக் கூட்டிப்போய், உனக்கு என்ன வேண்டும், தைரியமாகச் சொல், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். பரீட்சைதான் என்று சொல்லுவாள், அதை எடுத்துக்கொண்டு போய் அத்தானோடு மல்லுக்கு நிற்கலாம் என்று எனக்குக் கணக்கு.

"எனக்கு ரெண்டும் வேணும் சித்தி" என்றாள். "அங்க போனா நம்மள யாரும் ஸ்டேஷன்ல கையெழுத்துப் போடக் கூப்பிட மாட்டாங்கல்ல? எனக்கு அதுவும் வேணும். எக்ஸாமும் வேணும். அது தப்பா?"

தப்பில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அழுகை வந்துவிட்டது. கீழே அண்ணாச்சி என்ன என்று நிமிர்ந்து பார்த்தார், கண்ணில் துரும்பு என்றேன்.

எங்கே போவது என்று அத்தான் யாரிடமும் சொல்லவில்லை. பரீட்சைக்கு முதல் நாள் சாயங்காலம் தன் வெள்ளைச் சட்டையை இஸ்திரிக்குக் கொடுத்து வாங்கினார். நேர்காணலுக்குத்தான் போகப்போகிறார், பேசிப் பயனில்லை என்று நினைத்தேன். காலையில் அக்கா ஃபைலை எடுத்துக்கொண்டு நேர்காணல் இடத்துக்கு மெட்ரோவில் முன்னால் போய்விட்டாள். நான் கடைக்கு லீவு சொல்லிவிட்டு அவர்கள் வாசலுக்குப் போனபோது, அத்தான் டி.வி.எஸ். வண்டியை உதைத்துக்கொண்டிருந்தார். அவள் பள்ளிச் சீருடையில் இருந்தாள். கையில் ஹால் டிக்கெட் இருந்தது. ஆனால் அவளுக்கும் எதுவும் தெரியாது என்று முகத்திலேயே தெரிந்தது.

"ஏறு பிள்ளை" என்றார்.

நான் ஒரு ஷேர் ஆட்டோவை நிறுத்தி ஏறிக்கொண்டேன். ஹைரோடு வந்தால் வலதுபக்கம் ராயபுரம், அதைத் தாண்டி நகரம். இடதுபக்கம் பரீட்சை எழுதும் பள்ளிக்கூடம். அவர் வலதுபக்கம் திரும்பினால் ஆட்டோவை விட்டு இறங்கி வண்டியை மறிப்பது என்று முடிவு செய்திருந்தேன். மறித்துவிட்டு என்ன செய்வேன், அது எனக்கும் தெரியாது. என்ன உரிமையில் மறிப்பேன் என்பதும் தெரியாது. கன்டெய்னர் லாரி ஒன்று குறுக்கே நின்று வண்டியை மறைத்தது. அது நகர்ந்தபோது அத்தான் இடதுபக்கம் போய்க்கொண்டிருந்தார்.

பள்ளி வாசலில் அவளை இறக்கிவிட்டு, "தண்ணி குடிச்சிட்டுப் போ" என்றார். அவள் குடித்தாள், எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள், உள்ளே ஓடினாள். அத்தான் மதில் ஓரமாக நின்றுகொண்டார். வெயில் ஏறியது. மற்றப் பெற்றோர் டீ குடிக்கப் போய் வந்தார்கள், இவர் அசையவில்லை. நான்தான் டீ வாங்கி வந்து கையில் கொடுத்தேன்.

நடுவில் அக்கா போன் செய்தாள். கெஞ்சிப் பார்த்தாளாம். பிள்ளைக்குப் பரீட்சை என்று எழுதிக் கொடுத்தாளாம். எல்லோரும் வராமல் எடுக்க முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். அத்தான் கேட்டுவிட்டு, "சரி, நீ வீட்டை வா. மத்தியானம் சமைக்க வேண்டாம், கடையில வாங்குவம்" என்றார். போனைச் சட்டைப் பையில் போட்டார். அந்தச் சட்டையில் ஒரு மடிப்பும் கலைந்திருக்கவில்லை. நாள் முழுக்கத் திட்டுவதற்கு நான் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகளை என்ன செய்வதென்று தெரியாமல் பக்கத்தில் நின்றேன்.

மணி அடித்து அவள் வந்தாள். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"ஈசிப்பா. எல்லாமே டாலி ஆயிடுச்சு."

அத்தான் தலையாட்டினார். வண்டியை ஸ்டாண்டிலிருந்து எடுத்தார். எடுத்தவர் அப்படியே நின்றார்.

"இந்த பி.காம். எண்டது எத்தினை வருசம் பிள்ளை?" என்று கேட்டார்.

"மூணு வருஷம்ப்பா."

"மூண்டு வருசம்." பிறகு இன்னொரு முறை, மெதுவாக, "மூண்டு வருசம்" என்றார். ஹேண்டிலைப் பிடித்திருந்த கைவிரல்களை ஒவ்வொன்றாகத் தளர்த்தினார்.

இந்த மனிதர் ஒரு முறையாவது இந்த நாட்டில் வருடக் கணக்கு பேச மாட்டாரா என்றுதான் நான் இத்தனை காலமும் அவரோடு மல்லுக்கட்டினேன். இப்போது பேசிவிட்டார். எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இல்லை. அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. என்ன பேசுகிறேன் என்று யோசிக்காமலே வாயிலிருந்து வந்தது.

"மூண்டு வருசமெல்லாம் இழுக்காது அத்தான். அதுக்குள்ள கட்டாயம் கூப்பிடுவாங்கள்."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

"நீயாவது அப்பிடிச் சொல்லாதை" என்றார்.